எங்களுக்கு ஒரு பட்டறை வேண்டும்

பட்டறை என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் ஒரே பொருள்தான் இருந்தது. கிரீஸ் படிந்த தரை, சங்கிலியில் தொங்கும் எஞ்சின், காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள். "பட்டறையைக் கூப்பிடு" என்றால் ஸ்பானர் பெட்டியோடு நாலு ஆட்களை வரச்சொல் என்று அர்த்தம். இதே சொல்லுக்கு ராமல்லா நகரத்து அலுவலகங்களில் இன்னொரு பொருள் உண்டு என்பது எங்களுக்குத் தெரியாது. தெரியாமல் வாய்விட்டுக் கேட்டுவிட்டோம்.

நான் எங்கள் ஊரான கஃபர் தூத்தின் ஆண்கள் பள்ளியில் அறிவியல் பாடம் நடத்துகிறேன்; ஊருக்கு நான் உஸ்தாத், அதாவது வாத்தியார். நடந்ததை நிதானமாக விளக்கிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் இரண்டு இயந்திரங்கள் வருகின்றன. இரண்டும் வேலை செய்யும் விதம் மிக அழகானது.

முதல் இயந்திரம் எங்கள் குப்பை லாரி. அதன் முதுகுப்பக்கம் அகலமான ஒரு வாய் இருக்கும். வாய்க்குள் ஓர் இரும்புத் தகடு. வாயில் குப்பையைக் கொட்டி நெம்புகோலைத் தள்ளினால் தகடு இறங்கி வந்து, குப்பையை அள்ளி, வயிற்றுக்குள் திணித்து நசுக்கும். தகட்டைத் தள்ளுவது இரண்டு தண்டுகள். தண்டுகளைத் தள்ளுவது எண்ணெய். எண்ணெயைத் தள்ளுவது ஒரு பம்பு. பம்பைச் சுழற்றுவது கியர்பெட்டியிலிருந்து வரும் ஒரு பல்சக்கரம். ஒரு முனையில் கொடுத்த அழுத்தம் குறையாமல் மறுமுனைக்குப் போய்ச் சேரும் என்பதுதான் இதிலுள்ள ரகசியம்.

இரண்டாவது இயந்திரம் வெளிநாட்டு உதவி. அதுவும் இதே மாதிரிதான். வடக்கே பனி பெய்யும் ஒரு நாட்டில் ஒருவர் வரி கட்டுகிறார். அது அமைச்சகத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஆலோசனை நிறுவனத்துக்கு, அங்கிருந்து ஜெருசலேம் அலுவலகத்துக்கு, அங்கிருந்து ராமல்லா அலுவலகத்துக்கு, அங்கிருந்து எங்களுக்கு. ஒவ்வோர் இணைப்பிலும் கொஞ்சம் எண்ணெய் தங்கும். அதைக் கசிவு என்று சொல்வது அறியாமை. இணைப்புகள் காய்ந்துபோகாமல் இருக்க மசகு வேண்டுமல்லவா. கடைசியில் எங்களிடம் எண்ணெய் வராது, அழுத்தம் மட்டும் வந்து சேரும். விதி ஒன்றுதான்.

அந்தக் கோடையில் முதல் இயந்திரம் நின்றுபோனது. பம்பு உடைந்து இறுகியது, அதைச் சுழற்றும் பல்சக்கரமும் அதோடு சேர்ந்து கியர்பெட்டிக்குள் கடித்துக்கொண்டது. லாரி முன்னாலும் நகரவில்லை, பின்னாலும் நகரவில்லை. வயிறு நிறையக் குப்பையோடு, வாயைப் பாதி திறந்தபடி, பள்ளிக்கு எதிரே உள்ள மைதானத்தின் நட்டநடுவில் நின்றுவிட்டது.

மலைச்சரிவில் உள்ள எங்கள் ஊரில் நாற்காலி போட்டால் ஆடாமல் நிற்கிற இடம் அந்த மைதானம் ஒன்றுதான். அதனால் கல்யாணம், துக்கம் எல்லாம் அங்கேதான். லாரி ஓட்டுநர் அபூ வஹீபின் மகள் நஜ்லாவுக்கும் அங்கேதான் கல்யாணம் நடக்கவிருந்தது. தூபாஸிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஊர்வலமாக வந்து பெண்ணை அழைத்துப் போவார்கள். அவர்களை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, மன்ஸஃப் என்கிற கறிச்சோறு பரிமாறி, ஆடவைத்து அனுப்ப வேண்டும். மாப்பிள்ளையின் தாய் உம் ஜவ்தத் சுத்தத்துக்குப் பேர்போனவர். டாக்ஸியில் ஏறினால் கைக்குட்டையால் இருக்கையைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். இறங்கும்போது, தான் உட்கார்ந்த இடத்தையும் ஒருமுறை துடைப்பார்.

"உம் ஜவ்தத் வந்து இந்த நாத்தத்துல உக்காரணுமா?" என்றார் அபூ வஹீபின் மனைவி உம் வஹீப். "பொண்ணு வேணாம்னு அப்படியே வண்டியைத் திருப்பிடுவா. நீ லாரியையே கட்டிக்க, நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்."

"நான் என்ன பண்ண முடியும்? அதோட முத்திரையைப் பாரு."

அந்த முத்திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லாரி ஓர் அன்பளிப்பு. ஐந்தாண்டுகளுக்கு அது கொடுத்தவர்களுடைய சொத்து. பம்பு இருக்கும் பெட்டியைக் கம்பியால் கட்டி, கம்பியின் முனையில் ஈயத்தை உருக்கி முத்திரை வைத்திருந்தார்கள். அதை யாராவது வெட்டினால் கஃபர் தூத்துக்கு இனி எந்த உதவியும் கிடையாது. உம் வஹீபின் தம்பி ஹில்மி பக்கத்து ஊரில் கார் பழுது பார்ப்பவன். பழைய பம்பு ஒன்றைத் தேடிப் பிடித்துத் தன் கொட்டகையில் வைத்துக்கொண்டு, "முத்திரையை மட்டும் எடுங்க, சாயந்தரத்துக்குள்ள லாரியை ஆடவைக்கிறேன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். சொன்னதைச் செய்கிற பழக்கம் அவனுக்கு அதிகம் கிடையாது. ஆனால் வேறு யாரும் இல்லை.

ஆகவே ஊராட்சித் தலைவர் ஹாஜ் ரிப்ஹி முறையாகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். லாரியைக் கொடுத்த கூட்டு வலிமைத் திட்டத்தின் கள அலுவலர் லமீஸ் ராமல்லாவிலிருந்து வந்தபோது காப்பியை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"எங்களுக்கு வேற ஒண்ணும் வேணாம், மகளே. ஒரு பட்டறை வேணும். லாரிக்கு."

லமீஸின் கையிலிருந்த கோப்பை பாதி வழியில் நின்றது. "பட்டறையா?"

"பட்டறைதான்."

"நீங்களாவா கேக்கிறீங்க, ஹாஜ்? யாரும் சொல்லிக்கொடுக்கலையே?"

"இதை யார் சொல்லிக்கொடுக்கணும்?"

லமீஸ் கோப்பையைக் கீழே வைத்தார். நல்ல பெண்; கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருஷமா இந்த வேலையில இருக்கேன். குழாய் கேப்பாங்க. சிமெண்ட் கேப்பாங்க. டிரான்ஸ்ஃபார்மர் கேப்பாங்க. தானா வாயைத் திறந்து பட்டறை கேட்ட ஊரு இது ஒண்ணுதான். எத்தனை பேர் இருக்கணும்?"

"நாலு பேர் போதும்."

"நாலு பேரை வச்சு எப்படி? நாப்பது பேராவது வேணும்."

ஹாஜ் என்னைப் பெருமையோடு பார்த்தார். "நாப்பது பேரா? அப்ப ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடுமே."

"இல்ல, மூணு நாள் பண்ணலாம். சாப்பாடு எங்க பொறுப்பு."

"சாப்பாட்டையும் அவங்களே கொண்டு வர்றாங்களாம், உஸ்தாத்" என்று என் காதில் சொன்னார் ஹாஜ். "எப்பேர்ப்பட்ட நாடு பாருங்க."

பட்டறை நடக்கவிருந்த காலையில் அபூ வஹீப் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, லாரிச் சாவியோடு வந்தார். ஸ்பானர்க்காரர்கள் நாற்பது பேரையும் தேடினார். யாரும் வரவில்லை. நாங்கள்தான் அந்த நாற்பது பேர். பள்ளிக்கூடக் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். அபூ வஹீபின் கழுத்தில் பெயர் அட்டையை மாட்டி, கையில் ஒரு கோப்பும் ஒரு பேனாவும் ஒரு தண்ணீர் பாட்டிலும் கொடுத்தார்கள். சுவரில் துணிப்பதாகை: ‘திடக்கழிவும் நாமும்: ஓர் உறவைத் தேடி.’

முதலில் ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார் லமீஸ். அந்தக் கூடத்தில் நான்கு தலைமுறைகளாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நூல்பந்தை ஒருவர் மேல் ஒருவர் எறிந்து, "நான் உன் சித்தப்பா", "தெரியும் சித்தப்பா" என்று சொல்லிக்கொண்டோம். பிறகு ஒவ்வொருவரும் தன்னை எந்தப் பழமாக உணர்கிறார் என்று சொல்ல வேண்டும்.

"எனக்குச் சர்க்கரை" என்றார் ஹாஜ் ரிப்ஹி. "பழம் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

அடுத்து வண்ண அட்டைகள். குப்பை ஏன் சேர்கிறது என்று ஒவ்வொருவரும் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். அபூ வஹீப், ‘லாரி ஓடவில்லை’ என்று எழுதினார்.

லமீஸ் கனிவோடு தலையசைத்தார். "இது அறிகுறி, அபூ வஹீப். காரணத்தைச் சொல்லுங்க."

"பம்பு போச்சு."

"அதுக்கும் கீழ போங்க."

"போனேன் மகளே. லாரிக்குக் கீழ போய்ப் படுத்துப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

யாரோ ஒருவர், ‘குப்பைக்கிடங்குக்குப் போற ரோட்டில் இரும்புக் கதவு, சிப்பாய்ங்க நினைச்சா பூட்டிடுறாங்க’ என்று எழுதியிருந்தார். லமீஸ் அந்த அட்டையைக் கழற்றி, ஓரமாக மாட்டியிருந்த ஒரு வெற்றுத்தாளில் ஒட்டினார். தாளின் தலைப்பு ‘நிறுத்துமிடம்’. இது பட்டறைகளில் உள்ள மிக நுட்பமான உறுப்பு. பேச்சின் ஓட்டத்தைக் கெடுக்கிற உண்மைகளை அங்கே நிறுத்திவைப்பார்கள். யாரும் அவற்றை மறுப்பதில்லை. மரியாதையாக, நிழலில் நிற்கும். மூன்று நாள் முடிவில் இரும்புக் கதவு, தண்ணீர் வராத குழாய், பம்பு எல்லாம் நிறுத்துமிடத்தில் வரிசையாக நின்றன.

"என் லாரியும் அங்கதானே நிக்குது" என்றார் அபூ வஹீப்.

நாற்பது சாப்பாட்டுப் பொட்டலங்கள், தண்ணீர் பாட்டில்கள், எலும்புகள், தாள்கள் எல்லாம் சேர்ந்து லாரிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு குன்று எழுந்தது. கழிவைப் பற்றிய பட்டறையின் கழிவு அது.

நாங்கள் தவறைத் திருத்த முயன்றோம். அபூ வஹீப் லமீஸின் காரை மறித்து நின்றார். "மகளே, நாங்க கேட்டது இந்தப் பட்டறை இல்ல. பேசுற பட்டறை இல்ல. கருவியோட வர்ற பட்டறை."

"கருவிகளா?" லமீஸின் முகம் மலர்ந்தது. "அடுத்த கட்டத்தை நீங்களே கேக்கிறீங்களே."

அடுத்த வாரம் கருவிகள் வந்தன. பங்கேற்புக் கருவிகள் இருபத்திரண்டு வகை. பிரச்சினை மரம் என்று ஒரு கருவி. அதில் வேரில் பிரச்சினையை எழுதி, இலையில் விளைவை எழுத வேண்டும். கனவு வரைபடம் என்று ஒரு கருவி. அபூ வஹீப் தன் கனவாக ஒரு பம்பை வரைந்தார். எண்ணெய் போகும் வழியையும் அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தார். மிகச் சரியான படம். நான் அதை வகுப்பில் பயன்படுத்தக் கேட்டேன். ஆனால் ஜெருசலேம் அலுவலகத்தில் சட்டம் போட்டு மாட்டுவதற்காகக் கொண்டுபோய்விட்டார்கள்.

கல்யாணம் நெருங்கியது. இம்முறை நானே தலையிட்டேன். தவறு சொற்களில் இருக்கிறது, அறிவியல் முறையில் சொன்னால் குழப்பம் வராது என்று நம்பினேன். லமீஸுக்குப் போன் செய்து தெளிவாகச் சொன்னேன்: "லாரியில எல்லாம் சரியாத்தான் இருக்கு. அழுத்தம்தான் பிரச்சினை."

மறுமுனையில் பேனாவைத் திறக்கும் சத்தம். "ஓட்டுநருக்கா?"

"இல்ல, அழுத்தமே இல்லைங்கிறேன்."

"அழுத்தமே இல்லைன்னு சொல்றதுதான், உஸ்தாத், ரொம்ப முத்தின நிலை."

மூன்றாவது பட்டறை மன அழுத்தத்தைப் பற்றியது. ஆண்களுக்குக் காலையில், பெண்களுக்கு மாலையில். அறைக்குள் புழுக்கமாக இருந்ததால் மைதானத்தில், லாரி நிழலில் நடந்தது. "கண்ணை மூடிக்கிட்டு ஆழமா மூச்சை இழுங்க" என்றார் லமீஸ். ஆகஸ்ட் மாத வெயிலில் வெந்த குப்பைக்குப் பக்கத்தில் நாங்கள் ஆழமாக மூச்சை இழுத்தோம். ஹாஜ் ரிப்ஹி எழுந்து போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தார். உள்ளே அடக்கிவைத்ததை வெளியே விட்டதற்காக அனைவரும் அவருக்குக் கைதட்ட வேண்டியிருந்தது.

மாலை வகுப்பில் நடந்ததை உம் வஹீப் பின்னர் சொல்லித்தான் அறிந்தேன். லாரிச் சக்கரத்தோரம் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தாராம். முடிந்ததும் லமீஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு சந்தேகம் மகளே. பம்பு வாங்க உங்ககிட்ட வழி இல்ல. சரிதானே?"

"பொருள் வாங்க இந்தத் திட்டத்துல இடமே இல்ல, அம்மா. திறன் மட்டும்தான்."

"நாங்களே மாத்திக்கிட்டா?"

"முத்திரையைத் தொட்டா திட்டம் ரத்து." லமீஸ் குரலைத் தாழ்த்தினார். "என் வேலையும் போயிடும்."

"வேணாம், வேணாம். உன் வேலை ஏன் போகணும். பாவனைப் பயிற்சின்னு ஒண்ணு சொன்னியே, ஒருத்தர் இன்னொருத்தர் மாதிரி நடிக்கிறது. அதுல ஒருத்தர் மெக்கானிக்கா நடிக்கலாமா?"

"தாராளமா."

"எங்க தம்பி ஹில்மி ரொம்ப நல்லா நடிப்பான். அவன் லாரியைப் பழுது பாக்குற மாதிரி பாவனை பண்ணட்டும். நாங்க சுத்தி உக்காந்து சிந்திக்கிறோம்."

லமீஸ் குறிப்பேட்டைத் திறந்தார். "பம்பு?"

"அதை நீங்க என்னன்னு எழுதுவீங்க?"

"பயிற்சிப் பொருள்" என்றார் லமீஸ், மெதுவாக. பிறகு சிரித்துவிட்டார். "வியாழக்கிழமை வச்சுக்கலாம். மிஸ்டர் ஹென்ட்ரிக் வர்றார். அவர் இருந்தா யாரும் கேள்வி கேக்க முடியாது. வெள்ளிக்கிழமை நிறைவுப் பட்டறை."

"வெள்ளிக்கிழமை என் பொண்ணு கல்யாணம்மா."

"அந்தப் பட்டறையை எங்க கணினியில ரத்து பண்ண முடியாதே. பட்டறையைச் சேர்க்கத்தான் பொத்தான் இருக்கு. நீக்க இல்ல. இருந்துட்டுப் போகட்டும், நாங்க வரல."

மிஸ்டர் ஹென்ட்ரிக் திட்டத்தின் தலைவர். உயரமான, மென்மையான மனிதர். யார் பேசினாலும் நெஞ்சில் கைவைத்துக் கேட்பார். வியாழக்கிழமை பிற்பகல் அவர் வந்து இறங்கியபோது உம் வஹீப் முத்திரைக் கம்பியின் மேல் சிவப்பு ரிப்பன் சுற்றி, ஒரு தட்டில் கத்தரிக்கோலோடு காத்திருந்தார். வாழ்நாளெல்லாம் ரிப்பனைக் கண்டால் வெட்டிப் பழகியவர் மிஸ்டர் ஹென்ட்ரிக். வெட்டினார். கம்பி சற்றுக் கடினமாக இருக்கவே இரண்டாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினார். ஈய முத்திரை தரையில் விழுந்து உருண்டது. நாங்கள் கைதட்டினோம். அத்தனை பட்டறைகளிலும் நாங்கள் மனமாரக் கைதட்டியது அப்போது மட்டும்தான்.

ஹில்மி லாரிக்கு அடியில் புகுந்தான். மிஸ்டர் ஹென்ட்ரிக் லாரியின் வாயருகே நின்று உரையாற்றினார். வழக்கமான தாள்பலகை, வண்ணத்தாள்கள், பதாகை எல்லாம் அவருக்குப் பின்னால், லாரியின் வாயிலேயே சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. லமீஸ் மொழிபெயர்த்தார்.

"நண்பர்களே, இங்கே நான் ஓர் உடைந்த லாரியைக் காண்பேன் என்று சொன்னார்கள். நான் காண்பது உடைந்த லாரியை அல்ல, ஓர் உரையாடலை. எங்கள் நாட்டில் லாரிகள் ஓடுகின்றன. அதனால் அவற்றைப் பற்றி யாரும் எதுவும் பேசுவதில்லை. அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை இங்கே வந்துதான் உணர்ந்தேன். உங்களுக்கு ஒரு பம்பு வாங்கித் தருவது எளிது. ஆனால் பம்பு தேயும். அறிவு தேயாது, ஏனென்றால் நாம் அதைக் கோப்புகளில் பத்திரமாக வைக்கிறோம். இந்தத் திட்டத்தின் பத்தில் ஒன்பது பங்கு இந்த மண்ணைத் தொடாமலேயே அனுபவமாக மாறிவிட்டது என்பதில் எங்களுக்குப் பெருமை. விளைவு வேறு, நீடித்த பலன் வேறு. விளைவை எண்ணலாம். நீடித்த பலனை எண்ண முடியாது. அதை உங்களோடு வாழ்நாள் முழுவதும் அழைத்துச் செல்ல வேண்டும்."

"என்ன அருமையா நடிக்கிறார்" என்றார் ஹாஜ் ரிப்ஹி, லாரிக்கு அடியில் நீண்டிருந்த கால்களைப் பார்த்து.

"முடிஞ்சுது மாமா, நெம்புகோலைத் திறக்குற பக்கம் தள்ளுங்க" என்று கத்தினான் ஹில்மி.

இங்கே ஒரு சிறு விளக்கம். தண்டின் ஒரு பக்கம் எண்ணெய் புகுந்தால் தகடு வெளியே வரும், மறுபக்கம் புகுந்தால் உள்ளே போகும். இரண்டுக்கும் இரண்டு குழாய்கள். ஹில்மி அவற்றை மாற்றிப் பொருத்தியிருந்தான். எல்லாப் பயிற்சிகளிலும் பங்கேற்பாளர் தவறு செய்ய உரிமை உண்டு. அபூ வஹீப் எஞ்சினை முடுக்கி, திறக்கும் பக்கம் நெம்புகோலைத் தள்ளினார். வாரக்கணக்கில் அசையாதிருந்த தகடு ஓர் உறுமலோடு இறங்கி வந்தது. தாள்பலகையை அணைத்தது. பிரச்சினை மரத்தை முறித்தது. பதாகை, நிறுத்துமிடம், அட்டைகள், அன்றைய சாப்பாட்டுப் பொட்டலங்கள் எல்லாவற்றையும் சேர்த்து அள்ளி வயிற்றுக்குள் திணித்து, ஒரு முறை நெரித்து, ஏப்பம்போல ஓர் ஒலியோடு நின்றது.

மிஸ்டர் ஹென்ட்ரிக் திரும்பிப் பார்த்தார். பின்னால் எதுவும் இல்லை. நெஞ்சில் கைவைத்தார்.

பின்னர் எங்களுக்கு வந்த அறிக்கையில் இந்த நிகழ்வு மிகச் சரியாகவே குறிக்கப்பட்டிருந்தது: ‘பட்டறையின் உள்ளடக்கம் அனைத்தும் சமூகத்தால் முழுமையாக உள்வாங்கப்பட்டது.’

ஹில்மி குழாய்களைக் கழற்றிச் சரியாகப் பொருத்தி முடிக்கையில் பொழுது சாய்ந்து, சாலையின் இரும்புக் கதவைப் பூட்டிவிட்டார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை காலையில்தான் லாரி கிளம்பியது. அந்தக் கியர்பெட்டி அபூ வஹீபின் கைக்கு மட்டுமே கட்டுப்படும். கல்யாணக் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு, மடியில் துண்டை விரித்துக்கொண்டு, பெண்ணின் தகப்பனார் குப்பை லாரியை ஓட்டினார். வழி தெரியாமல் இல்லை, பேச்சுத் துணைக்காக என்னையும் ஏற்றிக்கொண்டார். "போய்க் கொட்டிட்டு ஓடி வந்துடலாம், உஸ்தாத். தொழுகை முடிஞ்சுதான் அவங்க வருவாங்க."

கதவு பூட்டியிருந்தது. அதற்கு முன்னால் இரண்டு சிப்பாய்கள். கதவுக்கு அந்தப் பக்கம், பூமாலை சுற்றிய ஒரு வெள்ளைக் காரும் அதன் பின்னால் ஒரு வரிசைக் கார்களும் வெயிலில் நின்றுகொண்டிருந்தன. முதல் காரின் முன் இருக்கையில், கண்ணாடியை இறக்கிவிட்டு, கையில் கைக்குட்டையோடு உம் ஜவ்தத். வழியில் தாமதமாகும் என்று தூபாஸ்காரர்கள் விடியும் முன்பே கிளம்பியிருக்கிறார்கள்.

அவர் எங்கள் லாரியைப் பார்த்தார். லாரியிலிருந்து சொட்டுவதைப் பார்த்தார். பிறகு ஓட்டுநரின் கழுத்துப்பட்டையைப் பார்த்தார்.

"அபூ வஹீப்தானே அது?" என்று கம்பிகளுக்கு ஊடே கேட்டார்.

"நான்தான், உம் ஜவ்தத். வாங்க, வாங்க. நல்லவேளை, வழியிலேயே வரவேற்கக் கொடுத்துவச்சேன்."

இன்று திறப்பதாக இல்லை என்றான் சிப்பாய். எப்போது என்று கேட்டோம். தெரியாது என்றான். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கினான், ஏறச் சொன்னார்கள், ஏறினான். பெண்களின் குலவைச் சத்தத்துக்கு நடுவே மேளக்காரர் மேளத்தின் மேல் தலைசாய்த்துத் தூங்கப் பார்த்தார். உம் ஜவ்தத்தின் கைக்குட்டை மூக்குக்குப் போனது. அபூ வஹீப் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்திருந்தார். அவருடைய கழுத்தில் வியர்வை இறங்கிச் சட்டைக்காலரை நனைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயம். நான் லமீஸைப் போனில் அழைத்தேன்.

"கதவுலயா? பொண்ணும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பக்கமா?" லமீஸ் கணினியில் எதையோ தட்டிப் பார்த்தார். "உஸ்தாத், நிறைவுப் பட்டறை. அதை நாங்க நீக்கவே இல்லையே. வெளியூர்ப் பங்கேற்பாளர்கள், வாகனங்கள், காலையில போய் சாயந்தரம் திரும்புறது, எல்லாத்துக்கும் அனுமதி வாங்கியாச்சு. சிப்பாய்ங்க பட்டியல்ல இருக்கும். பட்டறைன்னு சொல்லுங்க. வேற எதுவும் சொல்லாதீங்க."

நான் அபூ வஹீபிடம் சொன்னேன். அவர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனார்.

"இவங்கல்லாம் எங்க போறாங்க?" என்றான் சிப்பாய்.

"பட்டறைக்கு."

சிப்பாய் போனில் பட்டியலைப் பார்த்தான். இருந்தது. மாலை போட்ட காரைப் பார்த்தான். "அந்த மேளம் எதுக்கு?"

"அது கருவி."

"ஒரே சத்தமா இருக்கே, அந்தப் பொம்பளைங்க?"

"அழுத்தம். வெளிய விடுறாங்க."

சிப்பாய் எங்கள் லாரியைக் காட்டினான். மூக்கை மூடிக்கொண்டதால் அவன் குரல் மாறியிருந்தது. "இது?"

அபூ வஹீப் லாரியைத் திரும்பிப் பார்த்தார். அதன் வாயோரத்தில் பதாகையின் ஒரு முனை நசுங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. "இதுவரைக்கும் நடந்த பட்டறைகளோட விளைவு" என்றார். "சீக்கிரம் கொட்டிட்டு வரணும்."

கதவு திறந்தது. கார்கள் உள்ளே போயின, லாரி வெளியே போனது. உரசிக்கொண்டு கடக்கையில் உம் ஜவ்தத் தன் கைக்குட்டையை ஜன்னல் வழியாக அபூ வஹீபிடம் நீட்டினார். "முகத்தைத் துடைச்சுக்கங்க, சம்பந்தி. பொண்ணைப் பெத்தவர் இப்படியா வேர்க்கிறது."

மைதானம் பினாயில் வாசத்தோடு பளிச்சென்று இருந்தது. நாற்காலிகள் ஆடாமல் நின்றன. உம் ஜவ்தத் ஒரு நாற்காலியை விரலால் தேய்த்துப் பார்த்தார், விரலைப் பார்த்தார், உட்கார்ந்தார். உம் வஹீப் அன்றைக்கு அப்போதுதான் மூச்சை ஆழமாக இழுத்தார், யாரும் சொல்லாமல்.

மாலையில் கார்கள் திரும்பியபோது சிப்பாய் தலைகளை எண்ணினான். மறுபடி எண்ணினான். வெள்ளைக் காரின் பின் இருக்கையைக் காட்டி, "இந்தப் பொண்ணு காலையில இல்லையே" என்றான்.

"நீடித்த பலன்" என்றார், கதவு வரை வழியனுப்ப வந்திருந்த அபூ வஹீப்.

பதிவேடுகளின்படி எங்கள் லாரி இன்றும் பழுதாகத்தான் இருக்கிறது. நடந்தது பாவனைப் பயிற்சி மட்டுமே. லமீஸ் யாரையாவது பார்வையிட அழைத்து வரும்போது அபூ வஹீப் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, லாரியைச் சோகமாகப் பார்க்க வேண்டும். அவர் இதை நன்றாகவே செய்கிறார். அன்றைக்குக் கிடங்கில் எல்லாவற்றையும் கொட்டியபோது ஒரு தாள் மட்டும் விழாமல் தகட்டில் ஒட்டிக்கொண்டது. நிறுத்துமிடம். அதன் மேல் இரும்புக் கதவு அட்டை. ஒவ்வொரு நாளும் ஊர்க் குப்பை முழுவதையும் தகடு அதை வைத்துத்தான் நசுக்குகிறது. இன்னும் கழன்று விழவில்லை.

நேற்று ஹில்மி போன் செய்தான். அவன் மூத்த மகனுக்கு ஜெனினில் பெண் பார்த்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் இப்போது இந்த மாதிரி விஷயங்களை யாரும் பழைய பெயரில் சொல்வதில்லை.

"உஸ்தாத், அடுத்த வெள்ளிக்கிழமை நம்ம பையனுக்குப் பட்டறை" என்றான். "வீட்ல எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்துடணும். மன்ஸஃப் உண்டு. யாரும் யாரையும் அறிமுகப்படுத்திக்க வேணாம்."